பொம்மைத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமா?

"சார், வீட்டில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?" சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஓர் அன்பர் இப்படிக் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருடைய பேரனுக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கறுப்பு நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம், விசையை இழுத்தால் 'டக்' என்று ஓர் ஓசை. அசலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட வித்தியாசம் தெரியாதாம். அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "பொம்மைக்கு என்ன சட்டம்?" என்றார் ஒருவர். "லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது" என்றார் இன்னொருவர். "எதற்கு வம்பு, கொண்டுபோய் யமுனையில் போட்டுவிடுங்கள்" என்றார் மூன்றாமவர். யமுனை ஏற்கெனவே சுமப்பது போதும். மற்ற இரண்டு பதில்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ இன்ஜினீயர். ஆனால் சட்டப் புத்தகம் வக்கீல்களுக்கு மட்டும் எழுதப்பட்டது அல்லவே. புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும், என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். சரியா தவறா என்பதை அன்பர்கள் தீர்மானிக்கலாம்.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கிகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதில் 'ஆயுதம்' என்றால் என்ன என்று 2-ஆவது பிரிவு விளக்குகிறது. தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட எல்லாம் அதில் அடங்கும். பிறகு சில பொருள்களுக்கு விலக்கும் தருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் பொருள்கள், லத்தி, சாதாரண கைத்தடி ஆகியவை ஆயுதம் அல்ல. அதோடு, விளையாட்டுப் பொருளாக அன்றி வேறு எதற்கும் பயன்படுத்த முடியாத, உண்மையான ஆயுதமாக மாற்றவும் முடியாத பொருள்களும் ஆயுதம் அல்ல. இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விளையாட்டுக்கு மட்டுமே உதவ வேண்டும். மாற்றவும் முடியாததாக இருக்க வேண்டும். அப்படியானால் லைசென்ஸ் தேவையில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் வைத்து வெடிக்கும் கேப் துப்பாக்கி இந்த வகைதான்.

அடுத்தது 6-ஆவது பிரிவு. இங்கேதான் 'போலித் துப்பாக்கி' என்ற சொல் வருகிறது. அதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிகவும் எளிமையானது: குண்டைச் சுடும் திறன் இருக்கிறதோ இல்லையோ, துப்பாக்கியைப் போன்ற தோற்றம் உடைய எதுவும் போலித் துப்பாக்கிதான். அப்படிப்பட்ட ஒன்றை, அதற்கான லைசென்ஸ் இல்லாமல் உண்மையான துப்பாக்கியாக மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. மாற்றினால் தண்டனை சாதாரணமானது அல்ல. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

மூன்றாவது 28-ஆவது பிரிவு. தன்னையோ இன்னொருவரையோ போலீஸார் சட்டப்படி கைது செய்ய வரும்போது அதைத் தடுக்கும் எண்ணத்தோடு ஒருவர் துப்பாக்கியையோ போலித் துப்பாக்கியையோ எந்த வகையில் பயன்படுத்தினாலும் 7 ஆண்டு வரை சிறை. கவனியுங்கள், இங்கே அசலுக்கும் போலிக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை. நீட்டியது பிளாஸ்டிக்காக இருந்தாலும் தண்டனை ஒன்றுதான்.

இவை தவிரப் பொதுவான குற்றவியல் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி, ஒருவருக்கு உடனடி மரண பயமோ காய பயமோ உண்டாக்கித் திருடினால் அது வழிப்பறி. பயம் உண்டானதா என்பதுதான் கேள்வி. துப்பாக்கி சுடுமா என்பது அல்ல. ஆனால் 'உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்தை' பயன்படுத்திக் கொள்ளையடித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை என்று சொல்லும் 311-ஆவது பிரிவுக்கு வரும்போது, விளையாட்டுத் துப்பாக்கி உயிரைப் பறிக்கக்கூடியதா என்று வக்கீல்கள் வாதாட இடம் இருக்கிறது. பறிகொடுத்தவர் பட்ட பயம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆக, நூலகத்து அன்பருக்கு நேரடியான பதில் இது: மாற்ற முடியாத வெறும் விளையாட்டுத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம் அல்ல. அதை மாற்றுவது குற்றம், காட்டி மிரட்டுவது குற்றம், காட்டித் திருடுவது குற்றம், காட்டிக் கைதைத் தடுப்பது குற்றம். ஏர்கன் என்கிறோமே, அது வேறு வகை. அது பொம்மையே அல்ல. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் வேகசக்தியோ 0.177 அங்குலத்துக்கு மேல் குழல் விட்டமோ உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டும்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். என் ஆட்சேபணை இங்கேதான் தொடங்குகிறது. நம் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியை வைத்து மனிதன் என்ன செய்தான் என்று பார்க்கிறது. அந்தப் போலி எப்படி இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

போலித் துப்பாக்கிக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஃபோக்கர் விமானத்தை இரண்டு வாலிபர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். அவர்கள் கையில் இருந்தது போலித் துப்பாக்கியும், மரத்தில் செய்த போலி வெடிகுண்டும். பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள், விமானம் லாகூரில் எரிக்கப்பட்டது. அதற்குப் பதிலடியாகப் பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வழியில் பறக்க இந்தியா தடை விதித்தது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக அவர்கள் இலங்கையைச் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த யுத்தத்தை நாம் அறிவோம். யுத்தத்துக்குக் காரணம் வேறு; ஆனாலும் இரண்டு நாடுகளின் போக்குவரத்தை மாற்றி அமைக்க, சுட முடியாத ஒரு துப்பாக்கி போதுமானதாக இருந்தது.

1978 டிசம்பர் 20 அன்று இன்னொன்று. இந்திரா காந்தி அம்மையாரைச் சிறையில் அடைத்ததை எதிர்த்து, லக்னோவிலிருந்து தில்லிக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு பேர் வாராணசிக்குத் திருப்பினார்கள். கையில் இருந்தவை விளையாட்டுத் துப்பாக்கிகள். விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த இருவருமே உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள் என்பது வேறு கதை. அந்த விமானி இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். பின்னால் நிற்பவன் வைத்திருப்பது பொம்மையா என்று அவர் சோதித்துப் பார்க்க முடியுமா? பொம்மை என்று நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம் இருந்தாலும், மீதிப் பத்துக்காக அவர் பணிந்துதான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் தொழிலின் பாடம் வருகிறது. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வைக்கும் ஒரு விதி உண்டு. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அல்லது சரியாகத் தெரியவில்லை என்றால், அது மிகக் கடுமையான கட்டளையைக் காட்டுவதாகவே ஓட்டுநர் எடுத்துக்கொள்ள வேண்டும். நிற்கச் சொல்லக்கூடிய சிக்னலாக இருந்தால் நிற்க வேண்டும். 'விளக்குதானே அணைந்திருக்கிறது, பாதை காலியாகத்தான் இருக்கும்' என்று அனுமானம் செய்ய அவருக்கு உரிமை இல்லை. தண்டவாளத்தின் ஓரமாக யாராவது எதையாவது வேகமாக வீசி ஆட்டினாலும் அப்படித்தான். அது முறையான சிவப்புக் கொடியா, யாரோ ஒருவரின் துண்டா என்று அவர் ஆராய்ச்சி செய்யக் கூடாது. சந்தேகம் வந்தால் அபாயம் என்றே கொள். ரயில் பாதுகாப்பின் அஸ்திவாரம் அது.

துப்பாக்கியைப் பார்க்கும் போலீஸ்காரரும் அந்த ஓட்டுநரின் நிலையில்தான் இருக்கிறார். சந்தேகம் வந்தால் அசல் என்றே அவர் கொள்ள வேண்டும். இதில் ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. ஓட்டுநர் சந்தேகப்பட்டால் வண்டி நிற்கும், பத்து நிமிஷம் தாமதமாகும். போலீஸ்காரர் சந்தேகப்பட்டால் ஓர் உயிர் போகலாம்.

இந்த விதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு; அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதைப் பார்த்தாலும் ஓட்டுநர் நிஜம் என்றே எடுத்துக்கொள்வார் என்பதால், நிஜம் அல்லாத எதையும் அவர் கண்ணில் காட்டக் கூடாது என்ற பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது. புதிய ஸ்டேஷனில் கைகாட்டியை நட்டுவிட்டோம், ஆனால் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் பெருக்கல் குறி போல இரண்டு குறுக்குப் பட்டைகளை அடித்துத்தான் விட வேண்டும். ஒவ்வொரு பட்டையும் ஒரு மீட்டர் நீளத்துக்கும் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கும் குறையக் கூடாது. விளக்கும் ஏற்றக் கூடாது. தூரத்திலிருந்து வரும் ஓட்டுநர் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்ததும் 'இது உண்மையான கைகாட்டி அல்ல, இதை நான் மதிக்கவேண்டியதில்லை' என்று தெரிந்துகொள்வார். நான் சர்வீஸில் இருந்தபோது எத்தனையோ பட்டைகளை நின்று பார்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டை இல்லாத கைகாட்டியை நட்டுவிட்டு 'ஓட்டுநர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்' என்று சொல்ல எந்த இன்ஜினீயருக்கும் தைரியம் வராது.

இந்தக் குறுக்குப் பட்டைதான் நம் நாட்டுப் பொம்மைத் துப்பாக்கிக்கு வேண்டும் என்கிறேன்.

அப்படி என்ன அவசரம் என்று சிலர் கேட்கலாம். சதர் பஜாரில் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கும் சந்துகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர் பீச்சும் துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவற்றின் பக்கத்திலேயே கரிய நிறத்தில், கம்பெனி எழுத்துப் பொறித்தது போலவே பொறித்து, குண்டு அடைக்கும் பெட்டியும் கழற்றி மாட்டும்படி வைத்த துப்பாக்கிகளும் தொங்குகின்றன. சிகரெட் லைட்டர்கூடப் பிஸ்டல் உருவத்தில் கிடைக்கிறது. வட இந்தியாவில் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே குற்றவாளிகள் கையில் அகப்படும் நாட்டுத் துப்பாக்கியை, அதாவது 'கட்டா'வை, பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு குழாயும் ஒரு கட்டையும் சேர்ந்த மாதிரி இருக்கும். அசல் பார்வைக்குப் பொம்மை போல இருக்கிறது. பொம்மை அசலைவிட அசலாக இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பார்வையை வைத்து ஒரு போலீஸ்காரர் எப்படி முடிவு செய்வார்?

சென்ற வருஷம் ஹோலிக்கு முந்தின நாள் மாலை எங்கள் குடியிருப்புக்கு எதிரே இது நடந்தது. பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு கறுப்புத் துப்பாக்கியை நீட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பயந்துபோய் போன் செய்துவிட்டார்கள். போலீஸ் வண்டி வந்தது. பையன்கள் உடனே கையைத் தூக்கினார்கள், துப்பாக்கிகள் கீழே விழுந்தன, அதில் ஒன்று இரண்டாக உடைந்தது. உடைந்தபிறகுதான் அது பிளாஸ்டிக் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பெற்றோரை வரவழைத்துக் கண்டித்து அனுப்பினார்கள். வந்த கான்ஸ்டபிளுக்கு முப்பது வயது இருக்கும். தண்ணீர் கொடுத்தேன். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "பாபுஜி, இருட்டில் இது இரும்பா பிளாஸ்டிக்கா என்று நான் யாரைக் கேட்பது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே நல்லபடியாக முடிந்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 2014 நவம்பர் 22 அன்று அப்படி முடியவில்லை. டமீர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் பூங்காவில் ஒரு பொம்மைப் பிஸ்டலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸுக்குத் தகவல் சொன்னவர் அது அநேகமாகப் போலியாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த வாசகம் காரில் வந்த போலீஸ்காரர்களைப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டே விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பிள்ளை இறந்துபோனான். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. பொம்மைத் துப்பாக்கியின் குழல் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும். அந்தப் பையன் கையில் இருந்த பிஸ்டலில் அது இல்லை, கழன்று போயிருந்தது.

இதிலிருந்து 'சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்' என்ற முடிவுக்கு வரக் கூடாது. முனையில் ஒரு சிறிய அடையாளம் போதாது என்பதே இதிலுள்ள பாடம். கைகாட்டியின் பட்டை ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. தூரத்திலிருந்து, மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் இதை உணர்ந்து, பொம்மைத் துப்பாக்கியின் வெளிப்புறம் முழுவதும் பளிச்சென்ற நிறத்திலோ, பளிச்சென்ற பட்டைகளோடோ இருக்க வேண்டும் என்று 2014-இல் சட்டம் இயற்றி 2016 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் இன்னும் முன்னோடி. உலோகத்தில் செய்த மாதிரிப் பிஸ்டல் என்றால் குழலை அடைத்து, வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்று 1971-லேயே விதித்துவிட்டார்கள்.

பிரிட்டனில் செய்திருப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அசலைப் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் அங்கே குற்றம். 2007 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. நாடகம், சினிமா, அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. முழுவதும் பளிச்சென்ற நிறத்திலோ, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படியோ இருந்தால் தடை இல்லை. பளிச்சென்று இருப்பதை வாங்கிக் கறுப்புப் பூசி அசல் போல ஆக்கினால் அதுவும் குற்றம். ஆனால் ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர் மீது குற்றம் இல்லை. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்துக்கு எடுத்து வந்தால்தான் குற்றம். அதாவது பாரத்தைத் தயாரிப்பவர் மீதும் விற்பவர் மீதும் வைத்தார்கள். வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியைக் கிளறவில்லை.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபணைகளையும் பார்ப்போம். முதலாவது: அசல் துப்பாக்கியையே கட்டுப்படுத்த முடியவில்லை, பொம்மையைப் பிடித்துக்கொண்டு என்ன பேச்சு? அசல் நிறைய உலவுகிற காரணத்தால்தான் பொம்மை இங்கே அதிக ஆபத்து என்பது என் பதில். அசலே இல்லாத ஊரில் பொம்மையைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம் ஊர் மக்களும் போலீஸும் அரளுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாவது: திருடன் மஞ்சள் துப்பாக்கியை வாங்கிக் கறுப்புப் பூசிக்கொள்வான். பூசட்டும். பூசியது அவன் என்றாகிவிட்டால், 'பிள்ளைக்கு வாங்கிய பொம்மை' என்று கோர்ட்டில் சொல்ல அவனுக்கு வாய் வராது. கெட்ட எண்ணத்துக்கு அந்தக் கறுப்புப் பூச்சே சாட்சி. பூசாத பிள்ளைகள் காப்பாற்றப்படுவார்கள். எனக்குக் கவலை திருடனைப் பற்றி அல்ல, அந்தப் பிள்ளைகளைப் பற்றி.

மூன்றாவது ஆட்சேபணை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: அடையாளம் எல்லாம் எதற்கு, பொம்மைத் துப்பாக்கியையே அடியோடு தடை செய்துவிட்டால் என்ன? இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைத்திருப்பதே குற்றம் என்றால் முதலில் அகப்படுவது திருவிழாக் கடைக்காரரும், கேப் துப்பாக்கியோடு தெருவில் ஓடும் குழந்தையின் அப்பாவும்தான். அவர்களை மிரட்டிக் காசு பறிக்க இன்னொரு வழி திறந்துவிடும். நம் சங்கத்து மாறுவேடப் போட்டியில் பாரதி, கட்டபொம்மனுக்கு அடுத்தபடியாக வாஞ்சிநாதன் வேஷம் வருவதைப் பார்த்திருக்கிறோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சியைத் துப்பாக்கி இல்லாமல் எப்படி மேடை ஏற்றுவது? ரயில்வேக்காரனான எனக்கு மணியாச்சி என்ற பெயரைக் கேட்டதும் அந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகள் நடித்துக் காட்டக் கூடாது என்று சொல்லும் சட்டம் வேண்டாம்.

ஆகவே என் யோசனை இதுதான். பொம்மைத் துப்பாக்கியை வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம். தயாரிப்பிலேயே அடையாளத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் புதிதாக ஓர் இலாகாவே தேவையில்லை. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு அது பொருந்தும். கூர்மையான முனை இருக்கிறதா, தீங்கான ரசாயனம் கலந்திருக்கிறதா என்றெல்லாம் அந்த முத்திரைக்காகச் சோதிக்கிறார்கள். அதே முத்திரையோடு நிறத்துக்கும் ஒரு தெளிவான நிபந்தனை வைக்கலாம்: துப்பாக்கி உருவத்தில் பொம்மை செய்தால் உடல் முழுவதும் பளிச்சென்ற நிறம்; கறுப்பு, வெள்ளி, இரும்பு நிறம் கூடாது. பெரியவர்களுக்கான அலங்காரப் போலிகளுக்கும் லைட்டர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் கீழ் இதே விதியை வைக்கலாம். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பதிவு செய்துகொண்டால் விலக்கு. பூசி மாற்றினால் தண்டனை. பிளாஸ்டிக்கில் கறுப்புச் சாயம் கலப்பதற்குப் பதில் ஆரஞ்சுச் சாயம் கலந்தால் தயாரிப்பாளருக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

உலோகத்தில் செய்த, வெற்றுத் தோட்டாவை வெடிக்கும் போலிகளின் விஷயம் இன்னும் தீவிரமானது. அவற்றுக்கு நிறம் மட்டும் போதாது. துருக்கியில் தயாரான சில ரகங்களைச் சுலபமாக அசலாக மாற்றிவிடுகிறார்கள் என்று கண்டறிந்த பிரிட்டன், 2025 பிப்ரவரியில் அவற்றை ஒப்படைக்க அவகாசம் கொடுத்து, பிறகு வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நம் சட்டம் 'மாற்ற முடியாத' என்ற சொல்லை 1959-லேயே போட்டு வைத்திருக்கிறது. அந்தச் சொல்லின் அருமை இப்போதுதான் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் இந்த மாதிரி உலோகச் சாமான்களை வாங்கி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. சங்க நாடகக் குழுவினர் மேடைத் துப்பாக்கிகளை ஒரே பெட்டியில் பூட்டி, ஒருவர் பொறுப்பில் வைக்கலாம். ஒத்திகைக்குக் கொண்டுபோகும்போது குழலைச் சுற்றி ஆரஞ்சு நிற டேப்பைச் சுற்றிவிட்டு, மேடைக்குப் பின்னால் போனபிறகு பிரிக்கலாம்; பத்து ரூபாய்ச் சமாசாரம். தோள்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏற வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிவது உருவம்தான், பொம்மை என்பது அல்ல. விமானத்தில் ஊருக்குப் போகும்போது பேரனின் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்க வேண்டாம். பொம்மையாக இருந்தாலும் உள்ளே அனுமதி கிடையாது. குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் தெருவில் துப்பாக்கிக் காட்சி எடுக்கும் முன் அந்தப் பகுதிப் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிடலாம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கறுப்பை விட்டுவிட்டு மஞ்சளையும் பச்சையையும் வாங்கலாம். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர் அதையே அடுக்கி வைப்பார்.

கூடவே, நம் சங்கத்தின் சார்பில் இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கும் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் ஒரு மனு அனுப்பலாம் என்றும் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மொழிக்காகவும் விழாவுக்காகவும் மட்டும் கூடுவதல்ல சங்கம். இந்த ஊரில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள், மற்றவர்கள் பிள்ளைகளும் வளர்கிறார்கள். மனுவில் எழுதவேண்டியதும் அதிகம் இல்லை. ஒரே ஒரு வரிதான்: நிஜம் அல்லாததை நிஜம் போலச் செய்பவர், அது நிஜம் அல்ல என்று தூரத்திலிருந்தே தெரியும்படிச் செய்யட்டும்.